கொலுவில் ஒரு சியாச்சின்: பஞ்சை எடுங்க, கோலமாவைக் கொண்டு வாங்க!

நவராத்திரி நெருங்கினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் ஒரு வேலைப் பிரிவினை நடக்கும். படி கட்டுவதும் மரப்பாச்சிக்கு உடை தைப்பதும் பெரியவர்கள் பொறுப்பு. படிக்குக் கீழே அமைக்கும் 'பார்க்' பிள்ளைகள் பொறுப்பு. கிரிக்கெட் மைதானம், கல்யாண ஊர்வலம், ரயில் நிலையம் என எல்லாம் அங்கே வரும். பல வீடுகளில் கைலாயமும் உண்டு. கைலாயம் என்றால் பனி, பனி என்றால் மெடிக்கல் ஷாப் பஞ்சு. இதுதான் காலங்காலமான சூத்திரம்.

சில வீடுகளில் அந்தப் பனி மலையில் ராணுவ வீரர்களும் ஏறியிருப்பார்கள். ஊர் அப்படி. தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம். 'அமரன்' படத்தின் மேஜர் முகுந்த் வரதராஜன் இதழியல் படித்தது தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில். பொம்மை வீரர்களுக்கும் பஞ்சமில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பொறுமையாகத் தேடினால் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடைக்கலாம்.

பொம்மைப் படையை வைத்துப் போர் விளையாடுவது வெளிநாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. 'டைம் மெஷின்' எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ், வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு ஆடும் இந்த விளையாட்டுக்கு விதிமுறைகள் வகுத்து 1913-ல் ஒரு புத்தகமே போட்டார். இன்று 'வார்ஹேமர்' ரசிகர்கள் ஒவ்வொரு வீரனுக்கும் மணிக்கணக்கில் வண்ணம் தீட்டி, முழுப் படையையும் நிறுத்திக் காட்டத் தனியாக ஒரு பலகை செய்கிறார்கள். பனிப் பலகை என்றால் அவர்களுக்கே கொஞ்சம் நடுக்கம்தான். வெள்ளையாக ஒன்றைக் கொட்டினால் அது பனி ஆகிவிடாது.

பஞ்சின் பிரச்னை அதன் இழைகள். எப்படி அமுக்கினாலும் முடி முடியாக நிற்கும். பக்கத்தில் சிப்பாயை வைத்தால் அவர் மலையில் நிற்கிற மாதிரி இருக்காது, தலையணையில் நிற்கிற மாதிரி இருக்கும். இன்னொரு சிக்கல் விளக்கு. பஞ்சு, தெர்மாகோல் இரண்டுமே சட்டென்று தீப்பிடிப்பவை. பனி மலை இருக்கும் பக்கம் அகல் விளக்கே வேண்டாம், எல்.இ.டி போதும்.

உப்பு? சென்னைக் காற்றில் ஈரம் இழுத்து, பத்து நாளில் கசிந்துவிடும். அரிசி மாவுக்கு எறும்பு வரும். ஆப்ப சோடாவை ஃபெவிக்காலில் குழைத்துப் பூசினால் முதல் நாள் அசல் பனிதான், ஆனால் நாளாக ஆக மஞ்சளிக்கும். மிஞ்சுவது, வாசலில் போடும் கோலமாவு. கல்லை அரைத்த வெள்ளை மாவு என்பதால் எறும்பு சீந்தாது, நிறமும் எளிதில் மாறாது.

இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கி ஒட்டி, ரம்பப் பல் கத்தியால் மலையாகச் செதுக்குங்கள். ஸ்பிரே பெயின்ட் மட்டும் கூடாது, தெர்மாகோலை அப்படியே அரித்துவிடும். நியூஸ் பேப்பர் துண்டுகளை ஃபெவிக்காலில் நனைத்து மலை முழுக்க ஒட்டிக் காயவிட்டு, வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிச்சமான வால் புட்டியை மெல்லிசாகப் பூசலாம். புட்டி பாதி காய்ந்திருக்கும்போதே சிப்பாய்களின் காலடித் தடங்களை அழுத்திவிட வேண்டும். தடம் இல்லாத பனியில் நிற்கும் வீரன், ஹெலிகாப்டரிலிருந்து போட்டது போலத் தெரிவார்.

அடுத்ததுதான் முக்கியம். பனி முழு வெள்ளை கிடையாது. நிழல் விழும் இடமெல்லாம் நீலம். வெள்ளை அக்ரிலிக் பெயின்டில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஓரிரு துளி கலந்து பள்ளங்களிலும் பாறை இடுக்குகளிலும் தடவுங்கள். காய்ந்த பிறகு, இரண்டு பங்கு ஃபெவிக்காலுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து மேடுகளில் மட்டும் பூசி, டீ வடிகட்டியால் கோலமாவைச் சலித்துத் தூவினால் போதும். மூக்கில் மாஸ்க் இருக்கட்டும். காற்று ஒரு பக்கமிருந்துதான் அடிக்கும். பாறைக்கும் கூடாரத்துக்கும் அதே ஒரு பக்கத்தில்தான் பனி குவிய வேண்டும்.

இனி அளவு. சந்தையில் கிடைக்கும் சிப்பாய் 5 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஆறடி மனிதரை ஏறக்குறைய 36 மடங்கு சுருக்கியிருக்கிறோம். பலகையில் ஒரு சென்டிமீட்டர், நிஜத்தில் 36 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் பனி போட்டாலே முழங்கால் வரை புதையும்.

அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் ராணுவம் பனியில் நிற்கும் இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சியாச்சின். 1984 ஏப்ரல் 13 முதல் அங்கே நிற்கிறார்கள். அங்கே எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் பறித்த உயிர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3-ம் தேதி, 19,600 அடி உயரத்தில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-வது பட்டாலியன் முகாம் மீது பனிச்சுவர் சரிந்தது. உள்ளே பத்துப் பேர். அவர்களில் நான்கு பேர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஐந்து நாள் கழித்து கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

மூடியிருந்த பனி சுமார் 25 அடி. கொலுப் பலகையின் அளவில் அது 21 சென்டிமீட்டர். நான்கு சிப்பாய் பொம்மைகளை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்தினாலும் தொப்பி வெளியே தெரியாது.

பார்க் கட்டும் பிள்ளைகளிடம் ஸ்கேலைக் கொடுத்து இதை அளக்கச் சொல்லலாம். துப்பாக்கி நீட்டிய வீரர்கள் மட்டும் போதாது என்பது தானாகப் புரியும். பனிப் பிளவில் விழுந்துவிடாமலிருக்க ஒருவரையொருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு நடக்கும் வரிசை ஒன்று வேண்டும், அதற்குத் தையல் நூல் போதும். மாத்திரை டப்பா மூடியில் மண்ணெண்ணெய் பீப்பாய்கள். அடுப்புப் புகை படிந்த கூடார வாசலுக்குக் கொஞ்சம் விளக்குக் கரி. பச்சை உடுப்பு அங்கே உதவாது, வெள்ளைதான். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு அடித்தால்தான் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்கும். பூட்ஸும் துப்பாக்கியும் கறுப்பாகவே இருக்கட்டும்.

சுண்டல் வாங்க வரும் குட்டீஸ் 'இது எந்த மலை?' என்று கேட்பார்கள். முன்னால் சின்ன அட்டையில் இடம், உயரம், தேதி மூன்றையும் எழுதி வைத்துவிடுங்கள்.

புட்டிக்கு ஒருநாள், பெயின்டுக்கு ஒருநாள், கோலமாவுக்கு ஒருநாள் காய விட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஃபேனுக்கடியில் இன்னும் ஒருநாள். மகாளய அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பே தொடங்குவது நல்லது. கொலு முடிந்ததும் பலகையை பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் ஏற்றும்போது கவிழ்த்து மட்டும் வைக்காதீர்கள்.