உடல் நமது, உயிர் யாருடையது?

புஷ்பக விமானத்தைப் பற்றிப் புராணிகர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! எண்ணெய் வேண்டாம், என்ஜின் வேண்டாம், மனத்தால் நினைத்த மாத்திரத்தில் பறக்குமாம்! அதே பெயர் தாங்கிய விமானம் ஒன்று உண்மையாகவே பறந்தது, 1958-ல், பெங்களூரில். இருவர் மட்டுமே அமரக்கூடிய சின்னஞ்சிறு விமானம். விமானச் சங்கங்களில் பயில வரும் இளைஞர்களுக்காகக் கட்டப்பட்டது. அது மந்திரத்தால் எழும்பவில்லை. அமெரிக்க நாட்டுக் கான்டினென்டல் என்ஜினால் எழும்பிற்று!

சிரிக்கச் சொல்லவில்லை, சிந்திக்கச் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால், 1951 ஆகஸ்டிலேயே, அதே ஹிந்துஸ்தான் தொழிற்சாலை எச்.டி.2 என்ற பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டது. வெள்ளையன் வெளியேறி நான்கே ஆண்டு! வரைந்தவர் டாக்டர் வி. எம். காட்கே. ஜெர்மனியில், கேட்டிங்கன் நகரில், பிராண்டல் எனும் பேரறிஞரிடம் பயின்றவர். அதுவரை நம் பிள்ளைகள் பயின்றது, துணி போர்த்திய இரட்டைச் சிறகு 'டைகர் மாத்'தில். எச்.டி.2-வோ முழுதும் உலோகம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மாணவனுக்கொன்று, ஆசானுக்கொன்று. 150-க்கும் மேல் கட்டினர். கானா நாட்டு விமானப் படையும் வாங்கிப் பறந்தது. தகட்டை வளைத்தவன், ரிவெட் அடித்தவன் நம்மைப் போன்ற தொழிலாளி! ஆனால் மூக்கிலே இருந்த 155 குதிரை சக்தி என்ஜின்? பிரிட்டிஷ் சிர்ரஸ். பின்னாளில் அதைக் கழற்றிவிட்டு மாட்டியதும் அமெரிக்க லைக்கமிங்!

அடுத்து எச்.பி.டி.32, 1977-ல் பறந்தது. மீண்டும் லைக்கமிங். 2009-ல் ஆசான் இருவரைப் பலிகொண்ட விபத்துக்குப்பின் அது தரையிறக்கப்பட்டது. அதற்குள் 19 விமானிகளை இழந்துவிட்டோம். 2012-ல் சுவிட்சர்லாந்திடம் 75 பிலாட்டஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம். சொந்த விமானம் வேண்டாம், இன்னும் பிலாட்டஸே வாங்குவோம் என்று விமானப்படை வாதாடிய காலமும் உண்டு. பெங்களூர் தொழிற்சாலையோ தன் கைப்பணத்தைப் போட்டு எச்.டி.டி.40-ஐ உருவாக்கி, 2016 மே 31-ல் பறக்கவிட்டுக் காட்டியது. 2023-ல் 70 விமானங்களுக்கு ஒப்பந்தமும் பெற்றது. உள்ளே இருப்பது? ஹனிவெல். அதுவும் அமெரிக்கா!

"ஐயா, என்ஜின் செய்வது எளிதா?" என்று டில்லிக்குப் பரிந்து பேசுவோர் கேட்பர். எளிதல்ல என்பதை நானும் அறிவேன். போர் விமானத்தின் ஜெட் என்ஜினை நான் கேட்கவில்லை. பயில்வோனுக்கான சிறு என்ஜினைக் கேட்கிறேன். அதை நம்மவர் செய்தே காட்டினர், தோழர்களே! பி.இ.90எச் என்று பெயர். 90 குதிரை சக்தி. புஷ்பக்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அந்தப் புஷ்பக்கிலேயே பொருத்திப் பறக்கவிட்டும் பார்த்தனர்.

பறந்தது. பிறகு? கான்டினென்டல்தான் தொடர்ந்து கப்பலேறி வந்தது. நம் என்ஜின் வரிசையாக உற்பத்திக்குப் போகவே இல்லை.

உருக்கி, வார்த்து, கடைந்து, ஓட்டியும் காட்டிய உழைப்பாளிக்கு என்ன பதில்? பாதுகாப்பு அமைச்சரைக் கேட்கிறோம்: பி.இ.90எச் என்ஜினின் வரைபடங்கள் இன்று எந்த அலமாரியில் இருக்கின்றன?