எட்டும் கை

புதுமைப் பள்ளிகளைக் காணச் செல்வோர் கருவிகளை எண்ணித் திரும்புகின்றனர். கருவிக் குவியலால் அறிவியலும் பொறிநுட்பமும் வந்துவிடுமோ?

அமெரிக்காவின் இல்லினாய்சு மாநிலத்து வின்னெட்கா ஊரில் 1940-இல் எழுந்தது குரோ ஐலண்டு தொடக்கப்பள்ளி. எலியல் சாரினென் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள், வரைகோல் எடுக்குமுன் ஆசிரியர்தம் கருத்தைக் கேட்டறிந்தனர். விளைவு என்ன? வகுப்புதோறும் கைவினைக்கெனத் தனிப் பகுதி, இருபுறச் சாளரம், தனி முற்றம். விளக்கின் பொத்தானும் சிறு கைக்கு எட்டும். அரங்கின் இருக்கைகளும் முன்னிருந்து பின்னாகப் படிப்படியாகப் பெரியன.

தானே செய்து பார்க்கும் குழந்தையிடமே ஆய்வறிவு முளைக்கும். பூட்டிய ஆய்வகத்துக் குடுவையால் யார்க்குப் பயன்? ஆகலின், பள்ளி காணச் செல்வீர்! கருவியின் விலையை வினவாதீர்; குழந்தையின் கைக்கு எட்டுவது எதுவென வினவுவீர்! அவ்வொரு வினாவே பள்ளியின் தரம் காட்டும்.