ஒரு நாள் குடிமக்கள்

தேர்தல் என்றதும் மலைநாட்டிலே அதிசயங்கள் பல நிகழ்வதுண்டு. குண்டும் குழியுமாய்க் கிடந்த தோட்டத்துப் பாதைக்குக் கல்லும் தாரும் வந்து சேரும். ஐந்தாண்டுக் காலம் எட்டிப் பாராத பெரிய மனிதர்கள் லயத்து வாசலில் நின்று தேநீர் அருந்துவர். இவை யாவற்றையும் விஞ்சிய அதிசயம் ஒன்றுண்டு. “நீ யாரென்று எமக்குத் தெரியாது, அட்டை எங்கே?” என்று ஆண்டுக்கணக்காய்க் கேட்டுவந்த அரசு, தேர்தல் நெருங்கியதும், “நீ இன்னார்தான், அதிலே எமக்கு ஐயமில்லை” என்று ஒரு சீட்டை எழுதி நீட்டும். தற்காலிக அடையாள அட்டை என்பது அதன் பெயர்.

அதனைப் பெறும் முறை கடினமானதன்று. வாக்காளர் இடாப்பிலே பெயர் இருக்கவேண்டும். தேசிய அடையாள அட்டையோ, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்கத்தக்க வேறு ஆவணமோ இல்லாதிருக்கவேண்டும். சிறிய அளவுப் புகைப்படங்கள் இரண்டுடன் கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுத்தால், அவர் உறுதிப்படுத்துவார். தேர்தல் அலுவலகம் அட்டையை வழங்கும். 2024 செப்டெம்பர் 21ஆம் நாள் நடந்த ஜனாதிபதித் தேர்தலுக்கும், அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கும் இந்த வழி திறந்திருந்தது.

நல்ல ஏற்பாடு! அட்டையில்லை என்ற காரணத்தால் ஒருவரது வாக்கு வீணாகலாகாது என்ற நோக்கத்தை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஆனால், தோழர்களே, வாக்களித்த மறுநாள் நடப்பதென்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே சீட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகட்டும், சேமிப்புக் கணக்கொன்று திறக்க. “இது செல்லாது” என்பர். முப்பதாண்டு கொழுந்து பறித்த கைகள் அச்சீட்டைக் காட்டி ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கட்டும். “தேசிய அடையாள அட்டை எங்கே?” என்பர். வீதியிலே மறிக்கும் பொலிஸாரிடம் நீட்டட்டும். “இது வாக்களிக்க மட்டும்” என்பர். நாட்டின் தலைவரையே தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்ற முகம், நூறு ரூபாயை வங்கியில் இடுவதற்குத் தகுதியற்ற முகமாகிவிடுகிறது! நேற்றுக் குடிமகன், இன்று யாரோ ஒருவன்!

நிரந்தர அட்டையைப் பெற்றுக்கொள்வதுதானே என்று கேட்கலாம். கேட்பவர் கொழும்பில் வாழ்பவராய் இருப்பார். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுவது அந்த அட்டை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பு பதியப்படவில்லையா? பதிவேட்டைத் தேடியும் காணவில்லை என்பதற்கு ஒரு பத்திரம். பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ். விண்ணப்பத்தைத் தோட்டத்துத் துரை உறுதிப்படுத்தவேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு நாட் கூலி. பெயரிலே ஓர் எழுத்துப் பிசகினால், ஏறிய படி அத்தனையும் மீண்டும் ஏறவேண்டும். லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தால்தான் உண்டு.

இத்தனைக்கும், பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்திலே ‘ஒருநாள் சேவை’ என்றொன்று இருக்கிறது. மேலதிகக் கட்டணம் செலுத்தி, பயணச் செலவும் செய்து போகக்கூடியவருக்கு அட்டை ஒரே நாளில் கிடைக்கும். ஒரு நாளில் செய்யக்கூடிய வேலைதான் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வசதியுள்ளவனுக்கு ஒரு நாள். வறியவனுக்கு வாரங்களும் மாதங்களும்!

காகிதம் கேட்டு மனிதனை மறுப்பது நமக்குப் புதிய அனுபவமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் என்ன கூறியது? இந்த மண்ணிலே பிறந்தது போதாது. தந்தையும் இங்கே பிறந்தவரென்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரென்று காட்டு என்றது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவனின் பேரன், பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் குடியுரிமை கேட்டனர். சுமார் 1,34,000 பேருக்கே அது கிடைத்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளில் என்று தேயிலைப் பெட்டிகளைப்போல் மக்களைப் பங்கிட்டனர். அந்த 1964 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். 1948 முதல் 2003 வரை, 55 ஆண்டுகள், ஒரு மக்கட் கூட்டத்தின் ஒரு பகுதி இந்நாட்டிலே ‘தற்காலிகமாக’ வாழ்ந்தது! ஆகவேதான் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நம் நெஞ்சம் துணுக்குறுகிறது.

இன்று சட்டத்திலே குடியுரிமை உண்டு. கையிலே அட்டை இல்லை. உரிமைக்கும் அட்டைக்கும் இடையிலே கிடக்கும் இந்தக் காத்திருப்புக் காலத்துக்கு யார் பொறுப்பு? விண்ணப்பம் கொடுத்ததோடு குடிமகனின் கடமை முடிந்தது. பிறகு நேரும் தாமதம் அரசின் தாமதம். அரசின் தாமதத்துக்குக் குடிமகன் ஏன் அபராதம் கட்டவேண்டும்?

நமது கோரிக்கை எளியது. விண்ணப்பத்தை ஏற்ற அன்றே, புகைப்படமும் இலக்கமும் முத்திரையும் கொண்ட தற்காலிகச் சான்று கொடுக்கப்படவேண்டும். நிரந்தர அட்டை கைக்கு வரும்வரை வங்கியிலும், பரீட்சை மண்டபத்திலும், சேமலாப நிதி அலுவலகத்திலும், சோதனைச் சாவடியிலும் அது செல்லவேண்டும். நடமாடும் சேவைகள் தேர்தல் பருவத்தோடு நில்லாது, ஆண்டுதோறும் தோட்டம் தோட்டமாக வரவேண்டும்.

மோசடி பெருகும், பாதுகாப்புக் கெடும் என்று சிலர் அஞ்சுவர். அஞ்சவேண்டியது நியாயமே. ஒருவர் பெயரில் மற்றொருவர் பணம் பெறலாகாது. ஆனால், கிராம உத்தியோகத்தரின் உறுதிமொழியும் ஒரு புகைப்படமும் ஓர் ஆட்சியையே ஆக்கவும் அகற்றவும் போதுமானவை என்று ஒப்புக்கொண்ட அரசு, சேமிப்புப் புத்தகம் ஒன்றுக்கு அவை போதா என்று எந்த முகத்தோடு கூறும்? ஐயமிருந்தால் விரல் அடையாளத்தைப் பெறட்டும், காலவரையறை குறிக்கட்டும். பரீட்சை எழுதும் மாணவர்க்கு அட்டை தாமதித்தபோது ஆட்பதிவுத் திணைக்களமே உறுதிப்படுத்தல் கடிதம் கொடுத்ததுண்டு. மாணவருக்கு முடிந்தது, அவரைப் பெற்ற தாய்க்கு ஏன் முடியாது?

தோழர்களே! உங்கள் லயத்திலே, உங்கள் தெருவிலே அட்டையில்லாதார் எத்தனை பேர் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கணக்கெடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் அந்தப் பட்டியலை நீட்டுங்கள். “வாக்குச் சாவடியில் எங்களைத் தெரிந்துகொண்ட அரசு, மறுநாளும் தெரிந்துகொள்ளவேண்டும்” என்று கூறுங்கள். ஒரு நாளைக்குக் குடிமக்களாய் இருக்க நாம் இசையோம். ஆண்டின் 365 நாளும் நாம் இந்நாட்டின் குடிமக்கள்!