இழுப்பறையைத் தேடி வருகிறவர்கள்



2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றது. தங்கமில்லை, வைரமில்லை, வெறும் எஃகு. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா மாடல் அது. கார் பந்தயத்தில் மனம் வைத்துவிட்ட கணவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கித் தந்தது. பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்மூடியில் பொறித்தும் கொடுத்திருந்தார்.

பழைய கடிகார உலகம் அந்த வாட்ச் எங்கே போயிற்று என்று நெடுங்காலம் யோசித்துக்கொண்டிருந்தது. 1984 கோடையில் நியூமன் வீட்டு மரத்தின் மேலிருந்த சிறு குடிலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் காக்ஸ் என்ற இளைஞர். நியூமனின் மகள் நெல்லின் நண்பர். மணி என்ன என்று நியூமன் கேட்டார். தன்னிடம் வாட்சே இல்லை என்றார் காக்ஸ். நியூமன் தன்னுடையதை அவருக்கே கொடுத்துவிட்டார். காக்ஸும் அதைக் கட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு வேலைகளைப் பார்த்து வந்தார்.

அரிய வாட்சுகள் வியாபாரிகளுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன என்று கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். யாரோ யாருக்கோ அன்பாகக் கொடுத்தது, ஏதோ ஒரு வீட்டு இழுப்பறையில் இருக்கிறது. அதனால் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் முதலில் மனிதர்களைத் தேடுகிறார்கள். பிரான்சின் மார்செய் நகரத்தில் கோமெக்ஸ் என்ற ஆழ்கடல் முக்குளிப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் முக்குளிப்பாளர்களுக்காக ரோலெக்ஸ் தனியாக வாட்சுகள் செய்து கொடுத்தது. அவற்றுக்கு மதிப்பு ஏறியபோது வியாபாரிகள் தேடியது ஓய்வுபெற்ற முக்குளிப்பாளர்களின் வீட்டு முகவரிகளை. ராணுவ வாட்சுகளுக்கும் இதே வழிதான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 நிறுவனங்கள் ஒரே அளவு விதிகளின்படி வாட்ச் செய்தன. பன்னிரண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் ஆசை. அதில் கிரானா என்ற நிறுவனம் செய்தவை மிகக் குறைவு. அந்த ஒன்றுக்காகவே பலருடைய தொகுப்பு முடியாமல் நிற்கிறது.

ஒரு பொருள் ஏன் அரிதாகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. நியூமன் வாட்சில் இருந்த வகை டயலை அந்தக் காலத்தில் கடைக்காரர்களால் விற்க முடியவில்லை. எண்களின் வடிவமும் நிறமும் வழக்கமான டேடோனாவிலிருந்து மாறுபட்டிருந்ததால் வாங்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. விற்காததால் குறைவாகவே செய்தார்கள். இன்று அந்தக் குறைவுக்குத்தான் விலை. ஆகவே பழைய கடை ஒன்று மூடப்போகிறது என்று கேள்விப்பட்டால் வியாபாரி முதல் ஆளாகப் போய் நிற்பார். யாரும் வாங்காமல் தங்கிப்போன சரக்கு அங்கே உறையோடு கிடைக்கலாம். வயதான வாட்ச் ரிப்பேர்காரர் தொழிலை விடுகிறார் என்றால் அவருடைய உதிரிபாக டப்பாக்களையும் சேர்த்து விலை பேசுவார். சின்ன ஊர்களில் நடக்கும் வீட்டுச்சாமான் ஏலப் பட்டியல்களை வரி விடாமல் படிப்பார். ‘பழைய ஆண்கள் வாட்ச், ஓடவில்லை’ என்ற ஒரு வரியோடு போட்டிருக்கும் மங்கலான படத்தில் அவர் கண்ணுக்கு வேறு ஏதோ தெரியும். அப்படி வாங்கியது சேகரிப்பாளர் கைக்குப் போவதற்குள் வியாபாரிகளுக்குள்ளேயே இரண்டு மூன்று கை மாறிவிடும். மியாமி பீச் பழம்பொருள் சந்தை போன்ற இடங்களில், பொதுமக்கள் உள்ளே வருமுன்பே நல்ல சரக்கு பேசி முடிந்திருக்கும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது அதுதானா என்று பார்க்க வேண்டும். டயலும் முள்ளும் ஒரே மாதிரி பழசாகியிருக்கின்றனவா, கேஸின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கிவிட்டனவா, மெஷின் எண்ணும் கேஸ் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியைக்கூடக் கொண்டுவருகிறார்கள். 1950-களின் டயல்களில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசுவது வழக்கம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். டயல் ஒளிர்வது நின்று போயிருந்தாலும் கருவி சத்தம் போடும். போடவில்லை என்றால் யாரோ பிற்காலத்தில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழும். படேக் ஃபிலிப், லாஞ்சீன்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய பதிவேடுகளைப் பார்த்து, இந்த எண்ணுள்ள வாட்ச் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று எழுதிக் கொடுக்கின்றன. ரோலெக்ஸ் அப்படிக் கொடுப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்று நடக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957-இன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. பல வாட்சுகளின் பாகங்களை ஒன்றாகக் கோத்துச் செய்தது அது என்று 2023-இல் தெரியவந்தது. தன்னிடம் முன்பு வேலை பார்த்த மூவருக்கு அதில் பங்கு இருந்ததாக ஒமேகாவே அறிவித்தது. படிக்கும்போது நெஞ்சு வலித்த செய்தி இது. பதிவேட்டைக் காக்க வேண்டிய இடத்திலேயே ஓட்டை விழுந்தால் வாங்குகிறவர் வேறு எதை நம்புவார்?

நம் நாட்டில் கோடிகளின் கதை இல்லை. ஆனால் தேடுகிறவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசு அந்த வாட்ச் நிறுவனத்தை மூட முடிவெடுத்த பிறகு, கீ கொடுக்கும் ஜனதா, பைலட் மாடல்களைத் தேடி இளைஞர்கள் அலைகிறார்கள். சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி புது டயல் அச்சடித்து ஒப்பேற்றியவை, எச்.எம்.டி. ஒருநாளும் போடாத நிறங்களில்கூட வருகின்றன. கை படாத ஒரு ஜனதா வேண்டுமென்றால், கல்யாணத்துக்கு மாமனார் போட்டதாகவோ ரிடையரானபோது அலுவலகத்தில் கொடுத்ததாகவோ வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் வர வேண்டும். சில வீடுகளில் இதற்கும் முந்தையவை இருக்கின்றன. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர் டயலில் எழுதிய தாத்தா காலத்துப் பாக்கெட் வாட்சாக இருந்தால், அந்தப் பெயரே அது எந்த ஊரில் விலைபோனது என்பதற்குச் சாட்சி.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவருக்கு விவரம் தெரியும், நமக்குத் தெரியாது. அவருடைய லாபம் இந்த இடைவெளியில் இருக்கிறது. தேடி அலைந்த உழைப்புக்கு நியாயமான லாபம் வைப்பதில் தவறில்லை. கணவரை இழந்த ஒரு அம்மாவிடம் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போவதைச் சாமர்த்தியம் என்று சொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை. நல்ல வியாபாரிகள் அப்படிச் செய்வதில்லை. ஒரு வீட்டில் மனம் நிறைய விலை கொடுத்தால் அந்த வீட்டு உறவுகள் வழியாக அடுத்த வாட்ச் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனவே, அவசரப்பட்டு விற்காதீர்கள். வேறு இருவரிடமாவது காட்டி விலை கேளுங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கட்டும் என்று பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள், டயலை மாற்றாதீர்கள். கீறலும் மங்கலும் அப்படியே இருக்கட்டும். பெட்டி, ரசீது, வாரன்ட்டி அட்டை எது இருந்தாலும் வாட்சோடு வையுங்கள். ரேடியம் பூசிய பழைய டயலாக இருக்கலாம் என்பதால் கண்ணாடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்தக் கடையில், எதற்காக என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வைத்துவிடுங்கள்.

எழுதியதில் ஒரு பிரதியை, வாட்சின் படத்தோடு எங்களுக்கும் அனுப்புங்கள். வரும் இதழ்களில் அதற்கென்று பக்கம் ஒதுக்குகிறோம். ஓடாத வாட்சாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்