தலையை நம்பாதீர், சிறகைப் பாருங்கள்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

வேதாரணியத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். ஐப்பசி பிறந்தால் கடற்காகங்கள் வந்துவிடும். வலை இழுக்கும் என் தந்தையாருக்கு அவையெல்லாம் ஒரே பறவைதான். எனக்கும் அப்படியே இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே புத்தகத்தில் உள்ளதெல்லாம் வேதவாக்கு என்று நம்பி வந்தவன்.

செய்முறை ஏட்டில் கருந்தலைக் கடற்காகம், பழுப்புத்தலைக் கடற்காகம் என இரண்டை வரைந்தோம். படத்தில் இரண்டுக்கும் முக்காடு போட்டாற்போல் தலை. பொங்கல் விடுமுறையில் அந்த ஏட்டோடு கரைக்குப் போனேன். அங்கிருந்த ஐம்பது அறுபது பறவைகளில் ஒன்றுக்காவது அந்த முக்காடு இருக்க வேண்டுமே! எல்லாம் வெள்ளைத் தலை. கண்ணுக்குப் பின்னால் மட்டும் மை தீற்றினாற்போல் ஒரு புள்ளி. “இதுக்குத்தான் படிக்கப் போனியா?” என்று சிரித்தார் அப்பா.

காரணம் பிறகுதான் விளங்கிற்று. தலை நிறம் இனப்பெருக்க காலத்துக்கு உரியது. பழுப்புத்தலை கூடு கட்டுவது லடாக், திபெத் மேட்டுநில ஏரிகளில். நம் கரைக்கு வருவதோ அந்த வேடம் கலைந்த பின். போதாக்குறைக்கு, கருந்தலையின் தலை கோடையிலும் கறுப்பன்று. வறுத்த காப்பிக்கொட்டை நிறம்! பெயர் வைத்தவரை யார் கேட்பது?

பறக்கும்போது சிறகு நுனியைப் பார்த்தால் குழப்பம் தீரும். பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுத்து, அக்கறுப்புக்குள் கண்ணாடி பதித்தாற்போல் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். கருந்தலைக்கோ சிறகின் முன்விளிம்பு வெள்ளை. இறகுகளின் முனையில் மட்டும் கறுப்புக் கரை. முதலாண்டுப் பழுப்புத்தலைக்குப் பொட்டு இராது; அகலமான கறுப்பைக் கொண்டுதான் தேற வேண்டும். அந்தக் கறுப்பும் வெறும் அலங்காரமன்று. மெலனின் நிறமி ஏறிய இறகு உறுதியானது. வெள்ளை இறகு விரைவில் தேயும்.

கண்டபடியே, வெள்ளைத் தலையும் விரித்த சிறகுமாக ஏட்டில் மறுபடி வரைந்தேன். புத்தகப் படம்போல் இல்லையென்று மதிப்பெண் குறைந்தது. வருத்தமில்லை என்றால் பொய். பேராசிரியப் பெருமக்கள் கோபிக்கலாகாது: புத்தகப் படத்தைப் பார்த்து வரைவதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது கண்ணால் கண்டு வரைவதற்குக் கொடுத்தால் என்ன? அடுத்த பொங்கலுக்கு வகுப்பையே அழைத்து வாருங்கள். இருபது பேருக்குச் சோறும் மீன் குழம்பும் ஆக்கிப்போட அம்மா சம்மதித்துவிட்டார்.