கொழுந்தெடுக்கும் கை நாட்டியத்துக்கு ஆகாதா?

கடவுளர் கதையில்லாத ஆட்டம் ஆட்டமே அன்றென்றும், பாலே முதலிய புது நாட்டியங்கள் நம் பண்பைக் கெடுக்கும் மேல்நாட்டுச் சரக்கென்றும் நம்மவருட் பெரிய மனிதர் சிலர் முழங்குகின்றனர். அவர்களை ஒன்று கேட்கிறோம். தேவதாசியர் ஆடியவரை சதிரை இழிவென்றீர். மேற்குலத்தார் கைக்கொண்டு பரதநாட்டியமென்றதும் தெய்வீகமென்றீர். மாறியது ஆட்டமா, ஆடுவோர் சாதியா?

உதயசங்கர் 1939-லேயே தொழிலாளியையும் இயந்திரத்தையும் பொருளாக்கி நாட்டியம் அமைத்தார். சென்னையில் சந்திரலேகா 1985-ல் 'அங்கிகா'வில் பரதத்தைக் களரியோடும் யோகத்தோடும் இணைத்து, உடலின் ஆற்றலையே பொருளாக்கினார். நம் நாட்டிலோ, சிட்னி நடனக் குழுவில் ஆடிய மலாய்க்காரரான இராம்லி இப்ராகிம், அடையாறு இலட்சுமணனிடம் பரதம் பயின்று, 1983-ல் கோலாலம்பூரில் சூத்ரா குழுவை நிறுவினார். மதமும் இனமும் அவருக்குத் தடையாகவில்லை. புதுப்பொருள் மட்டும் நமக்குத் தடையாவதேன்?

அப்பொருளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. இக்கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ல் தோன்றியது. இச்சரிவுகளைப் பசுமையாக்க உழைத்தோருள் தமிழரும் உளர். கூடை சுமந்த முதுகிலும், ஈரிலையும் மொட்டும் கிள்ளும் விரலிலும் தாளமில்லையா? துயரமில்லையா? நம் திருவிழா மேடை அதற்கு எத்தனை முறை இடந்தந்தது?

கண்ணன் வெண்ணெய் திருட ஒரு மணி நேரம் ஒதுக்குவோர், அதைக் கடைந்தவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாகாதா? பல சிறு படைப்புகள் கலந்த கதம்ப நிகழ்ச்சியில் கண்ணனும் இருக்கட்டும், கொழுந்தெடுப்பவளும் நிற்கட்டும். கோயிற்குழுவினரே, இளைஞர் மன்றத்தாரே! திருவிழாச் செலவுக்குத் தன் கூலியிற் பங்கு தருபவள், மேடையில் தன்னைக் காண உரிமையற்றவளா? விடை சொல்லுங்கள்.