ப்ரீ சீசனில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், வாரங்களை எண்ணுங்கள்



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வாரமாகக் கால்பந்துப் பேச்சுதான். "ப்ரீ சீசன் எல்லாம் சும்மா சார். சம்பளம் வாங்கி ஆடுகிற வீரன் தினமும் ஜிம்முக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொண்டால் போதாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். "ப்ரீ சீசனில் நாலு கோல் வாங்குகிற டீம் சீசனில் என்ன கிழிக்கப்போகிறது?" என்று இன்னொருவர். கடைசியில் "சார் என்ன சொல்றீங்க?" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். நாலு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்பந்துப் பயிற்சியாளர் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியர். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையும் என் தலையில்தான் விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அறுபது வயதுக்கு மேல் டிவியில் கால்பந்து பார்க்க நேரம் நிறையக் கிடைக்கிறது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

என் கருத்து இதுதான். ப்ரீ சீசன் ஆட்டங்களின் ஸ்கோருக்கு மதிப்பே இல்லை. ப்ரீ சீசன் பயிற்சிக்கு மதிப்பு உண்டு. அனுபவசாலிகள் நிறைந்த அணியைவிட, இருபது வயதுப் பையன்கள் நிறைந்த அணிக்கு அந்த மதிப்பு இரண்டு மடங்கு.

ஸ்கோரை ஏன் விட்டுவிடலாம்? ஐரோப்பாவில் ஜூலை தொடக்கத்தில் பயிற்சி ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவில் லீக் தொடங்கும். சுமார் ஆறு வாரம். முதலில் உடல் சோதனை, ஓட்டம், பிறகு பந்து, பிறகு நட்பு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஒரு வீரர் பாதி நேரம்தான் ஆடுவார், அடுத்ததில் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகுதான் முழு ஆட்டம். இடைவேளையில் பதினோரு பேரையும் மாற்றுகிற பயிற்சியாளர்கள் உண்டு. அப்படி ஆடிய ஆட்டத்தில் நாலு கோல் வாங்கினால் அது தோல்வியே அல்ல. பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தாளுக்கு மார்க் போடுவார்களா?

ஆனால் அந்த ஆறு வாரம் சும்மா இல்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைக்குப் போன வருடம் படித்த வகுத்தல் பாதி மறந்திருக்கும். முதல் இரண்டு வாரம் பழையதைத் தட்டி எழுப்பாமல் புதுப் பாடத்துக்குப் போனால் காலாண்டுத் தேர்வில் தெரிந்துவிடும். நன்றாகப் படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே சமாளித்துக்கொள்ளும். ஐந்திலிருந்து ஆறுக்கு வந்த பிள்ளை என்ன செய்யும்?

இளம் அணியும் அப்படித்தான். பத்து வருடம் ஆடிய பின்கள வீரருக்கு எப்போது முன்னேறி ஆஃப்சைடு பிடிக்க வேண்டும் என்பது பழகிப்போன விஷயம். இளைஞர்களுக்கு அது கூட்டாகக் கற்க வேண்டிய பாடம். நாலு பேரில் ஒருவர் ஓரடி பின்தங்கினால் கோல். சீசன் தொடங்கிவிட்டால் பயணம், ஓய்வு, அடுத்த ஆட்டம் என்று வாரம் ஓடிவிடும். அப்புறம் பயிற்சியாளருக்குத் தேர்வு நடத்தத்தான் நேரம், பாடம் நடத்த நேரம் ஏது?

அடுத்தது உடம்பு. வேகமாக ஓடுகிறவர்களுக்கு முதலில் போவது ஹாம்ஸ்ட்ரிங் என்கிற தொடையின் பின்பக்கத் தசை. நார்டிக் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. பயிற்சித் திட்டத்தில் இதைச் சேர்த்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவி வேண்டாம், செலவு இல்லை. ஆனால் ஒரே நாளில் பலன் தராது. பல வாரம் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அந்த வாரங்கள் ப்ரீ சீசனில்தான் இருக்கின்றன.

"ஜிம் போதாதா?" என்ற தம்பிக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கையால் ஆடுகிற அவர்களுடைய ஃபுட்பாலில், 2011-ல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் பணத் தகராறு. மார்ச் முதல் ஜூலை வரை வீரர்கள் அணியின் மைதானத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. பலர் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டார்கள். தகராறு தீர்ந்து முகாம் திறந்த முதல் 29 நாட்களில் 12 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு முழு வருடத்துக்கே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் அந்தக் காயம் வரும். காரணம் இது ஒன்றுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தனியாக உடம்பை வைத்துக்கொள்வதும், அணியோடு படிப்படியாக ஏறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

பார்சிலோனாவின் பெட்ரியையும் பாருங்கள். 2021 கோடையில் 18 வயதில் ஸ்பெயினுக்காக யூரோ கோப்பை ஆடினார். ஓய்வு இல்லாமல் டோக்கியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 7 அன்று இறுதி ஆட்டம், அடுத்த வாரமே லீக் ஆட்டம். செப்டம்பரில் தொடைத் தசை போயிற்று. பல மாதம் வெளியே உட்கார நேர்ந்தது. அவருக்குத் திறமையும் குறைவில்லை, ஆட்டமும் குறைவில்லை. ஓய்ந்து, மறுபடி கட்டி எழுப்புகிற அந்த இடைவெளிதான் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பில் இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்று, 1992 யூரோவில் கடைசி நேரத்தில் யூகோஸ்லாவியாவுக்குப் பதிலாக வந்த டென்மார்க், ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பை தூக்கியது. கடற்கரையிலிருந்து எழுந்து வந்து ஜெயித்தார்கள் என்பார்கள். உண்மையில் அந்த அணி ஒரு நட்பு ஆட்டத்துக்காக அப்போது கூடியிருந்தது. கோல்கீப்பர் ஷ்மைக்கேல் போன்ற தேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். ஆட வேண்டியிருந்ததும் ஐந்தே ஆட்டம். லீக் அப்படியா? பல மாத ஓட்டம்.

இரண்டாவது, மான்செஸ்டர் யுனைடெட். 1995 ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றார்கள். சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று டிவியில் ஆலன் ஹான்சன் சொன்னார். அந்த வருடம் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் அவர்களுக்குத்தான். இந்தக் கதை என் பக்கம்தான் பேசுகிறது. கிக்ஸ், பெக்காம், கேரி நெவில் எல்லாம் 1992-ல் இளையோர் எஃப்ஏ கோப்பையைச் சேர்ந்தே வென்றவர்கள். முதல் ஸ்கோர் பொய் சொன்னது, அடியில் இருந்த வருடக்கணக்கான பயிற்சி பொய் சொல்லவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். ஐஎஸ்எல் 2014-ல் தொடங்கியபோது மொத்த சீசனே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பிறகு நீண்டது. ஆனாலும் சீசன்களுக்கு நடுவே ஐரோப்பாவைவிட நம் வீரர்களுக்கு இடைவெளி அதிகம். இடைவெளி எவ்வளவு நீளமோ, ப்ரீ சீசனும் அவ்வளவு அவசியம். 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை சாம்பியனான நம் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தியது. எல்லோரும் "மேட்ச் எப்போ?" என்று கேட்டார்கள். "பையன்கள் எங்கே பயிற்சி செய்கிறார்கள்?" என்று கேட்டவர்கள் குறைவு.

பெயர் பெற்ற வீரர் சொந்தச் செலவில் பயிற்சியாளர் வைத்துக்கொள்வார். வியாசர்பாடியிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ போய் முதல் ஒப்பந்தம் போட்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன வழி? தெருமுனை மைதானத்தில் தனியாக ஓடுவான். திடீரென்று தேதி அறிவித்துவிட்டு அவனை முழு வேகத்தில் ஓடச் சொன்னால், மூன்றாவது வாரம் தசை கிழியும். ஒரு வருட ஒப்பந்தத்தில் நாலு மாதம் கட்டிலில் போனால், அடுத்த வருடம் அவனை யார் கூப்பிடுவார்கள்? "பையன் தாங்கமாட்டான்" என்ற பெயர்தான் மிஞ்சும். அவனுக்கு ஆறு வாரம் கொடுக்காதவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ப்ரீ சீசனில் இளம் அணி தோற்றால் கேலிப் படம் போடாதீர்கள். எந்தப் பையனுக்கு எத்தனை நிமிடம் ஆடக் கிடைத்தது என்று பாருங்கள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ ஒரு பையனுக்கு ஒப்பந்தம் வந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்ட கையோடு, முதல் ஆட்டத்துக்கு முன் எத்தனை வாரம் பயிற்சி தருவார்கள் என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். சண்டை போடலாம், மரியாதை முக்கியம்.

அன்புடன்,
உங்கள் சார்